அறுபது என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ்

கவிதா போன மாதம் போன் செய்தாள். ஹெப்பகோடி ஆபீசில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து என்னோடு மார்க் போட்ட அதே கவிதா இப்போது அந்தக் கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட். நாங்கள் செய்த வேலையை இனிமேல் இயந்திரமே செய்துகொள்ளுமாம். அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்களாம். "சார், உங்க அனுபவத்த ஒரு ரைட்-அப்பா குடுங்க. ஐநூறு வார்த்தை போதும். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றாள். பாசிட்டிவாகவே நானூற்றுத் தொண்ணூறு வார்த்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். படத்தோடு போட்டார்கள். அதில் எழுதாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த ஆபீசின் மேலிடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் கவிதா ஒருத்திதான், அவளுக்குப் படிக்க நேரம் கிடையாது.

என் வேலை என்ன என்று நாங்கள் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் யாருக்கும் கடைசிவரை புரியவில்லை. சம்பந்தி வீட்டாருக்கு "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லி முடித்துவிட்டோம். உண்மை இதுதான். அமெரிக்காவில் ஒரு வலைத்தளம். புதிதாக ஒரு பாட்டு ஆல்பம் வந்தால், அதைப் பற்றிப் பத்திரிகை விமர்சகர்கள் எழுதுவதையெல்லாம் சேர்த்து, கூட்டி வகுத்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாக அந்தத் தளம் போடும். நாலு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று போடும் விமர்சகர்களால் பிரச்சினை இல்லை, கணினியே கணக்குப் போட்டுவிடும். ஆனால் சில விமர்சகர்கள் நட்சத்திரம் போடுவதைக் கேவலமாக நினைப்பவர்கள். மூன்று பத்தி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மூன்று பத்தியைப் படித்து, இந்த மனிதர் மார்க் போட்டிருந்தால் எத்தனை போட்டிருப்பார் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கு உலகம் முழுவதும் தேடி என்னைப் பிடித்தார்கள்.

என் இசைத் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் நான் ஒரு தொழிற்சாலையில் டெலெக்ஸ் கிளார்க். வெளிநாட்டிலிருந்து வரும் தந்தி மாதிரியான இங்கிலீஷைப் படித்து, ஆபீசருக்கு ஒரு வரியில் சொல்ல வேண்டும். பத்து வருடம் அதையே செய்தேன். அப்புறம் ஃபேக்ஸ் வந்தது, ஈமெயில் வந்தது, விருப்ப ஓய்வு என்று ஒரு தாள் வந்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. நாற்பத்தைந்து வயதில் இன்டர்வியூவுக்குப் போனபோது, "நிறைய படிச்சிட்டு சுருக்கமா சொல்லுவீங்களா?" என்று கேட்டார்கள். "அதத்தான் சார் பத்து வருஷமா செஞ்சேன்" என்றேன். பாட்டு கேட்பீர்களா என்று யாருமே கேட்கவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவி ரெஜினா மிஸ். விவேக் நகர்க்காரர். ஒரு கான்வென்ட்டில் முப்பது வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்து, பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகாம்களில் தலைமைத் திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுரைக்கு எழுபத்திரண்டுக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை என்று விவேக் நகரில் பெரிய பேச்சு. அந்த எழுபத்திரண்டு வாங்கியவள் இப்போது கனடாவில் டாக்டராக இருக்கிறாளாம். கம்பெனியில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று விதி. மிஸ்ஸை மட்டும் அந்த ஆபீசுக்கே தலைவரான சைட் ஹெட் ரவிகிரண் உட்பட யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிஸ்ஸும் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த வழிகாட்டிக் குறிப்பு மொத்தம் ஒன்றரைப் பக்கம். பூஜ்யத்திலிருந்து நூறு வரை மார்க் போடவும், உங்கள் விவேகத்தைப் பயன்படுத்தவும் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் விவேக் நகரைப் பயன்படுத்தினோம்.

மிஸ் முதல் நாளே முகாம் முறையைக் கொண்டுவந்தார். விமர்சனத்தைத் திரையில் படிக்கக் கூடாது, அச்செடுக்க வேண்டும். பாடியவர் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு ஒரு டம்மி நம்பர் கொடுக்க வேண்டும், அப்போதுதான் பாரபட்சம் வராது. ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி, சராசரி எடுக்க வேண்டும். இருவருக்கும் பத்து மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாள் மிஸ்ஸிடம் போகும், அவர் போட்டதுதான் முடிவு. சிவப்புப் பேனா. அரை மார்க் கிடையாது. ஹெட்போன் கூடவே கூடாது. "பாட்டக் கேட்டா மனசு சாயும் மேன். நாம பாட்டுக்கு மார்க் போடல. விமர்சகன் எழுதினதுக்குப் போடறோம்" என்பார். ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல் ஆயிரக்கணக்கான ஆல்பங்களின் தலையெழுத்தை நாங்கள் எழுதியது இப்படித்தான்.

கிரேஸ் மார்க் என்று யாராவது வாயைத் திறந்தால், வியாழக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. "கிரேஸ் வேணும்னா வியாழக்கிழமை கோயிலுக்கு வாங்க. அங்க குடுப்பாங்க. இங்க இல்ல."

முதல் சில மாதங்கள் வார்த்தைகளோடு மல்லுக்கட்டினோம். ஓர் ஆல்பத்தை 'சிக்' என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். அதாவது நோய்வாய்ப்பட்டது. கவிதா தர்மபுரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, முப்பது போட்டாள். நான் நாற்பத்தைந்து போட்டேன். தாள் மிஸ்ஸிடம் போனது. "உடம்பு சரியில்லாதவனுக்கு மார்க் குறைக்கிறது தப்பு" என்று ஐம்பது போட்டார். அந்த வார்த்தைக்கு 'பிரமாதம்' என்று பொருள் என்பது ரவிகிரணின் கல்லூரி போகும் தம்பி சொல்லித் தெரிந்தது. அதன்பிறகு ஒரு நோட்டு போட்டோம். 'விக்கட்' என்றால் நல்லது. 'ஃபில்தி' என்றால் ரொம்ப நல்லது. 'இன்டரஸ்டிங்' என்றால் நன்றாக இல்லை. நோட்டு நிரம்ப நிரம்ப எங்களுக்குத் தலைக்கனம் ஏறியது. இங்கிலீஷைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைத்தோம். தெரியாமல் போனது இங்கிலீஷ் அல்ல, எண்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் திரையில் தெரிவது ஒரு படிவம் மட்டும்தான். நம்பரைத் தட்டினால் போய்ச் சேரும். அந்த வலைத்தளத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. பாதுகாப்புக்காக ஆபீசில் எல்லாத் தளங்களையும் பூட்டிவைத்திருந்தார்கள், நாங்கள் வேலை செய்யும் தளத்தையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமைகளில் மெயில் டியூட்டி என்னுடையது. தளத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் அனுப்ப வேண்டும். பதில்களை ஏற்கெனவே எழுதி ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். ஆறாம் நம்பர் பதில்தான் அதிகம் ஓடும்: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வெளியிட்ட மதிப்பெண் மாற்றப்பட மாட்டாது. பெரும்பாலும் பதினாறு வயதுப் பையன்கள் தங்கள் அபிமானப் பாடகருக்காகத் திட்டி எழுதுவார்கள். ஆறை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த மெயிலில் திட்டு இல்லை. எழுதியவர் ஒரு பாடகி. பெயர் வேண்டாம், எங்களிடம் அவர் பெயர் 417. அது அவருடைய இரண்டாவது ஆல்பம். சின்ன ஊர்களின் சின்னப் பத்திரிகைகள் ஆறு மட்டும் அதைப் பற்றி எழுதியிருந்தன. ஆறிலும் நட்சத்திரம் கிடையாது. அதாவது அவருக்கு விழுந்த ஒவ்வொரு மார்க்கும் ஹெப்பகோடியில் விழுந்தது. சராசரி அறுபத்தொன்று.

அவர் எழுதியது ஏறக்குறைய இது. "இதில் ஒரு விமர்சகரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். இந்த வருடம் தான் கேட்டவற்றில் இதுதான் மிகச் சிறந்தது என்று எழுதியதாகச் சொன்னார். அதை நீங்கள் அறுபது என்று போட்டிருக்கிறீர்கள். எழுபதுக்குக் கீழே இருந்தால் மூன்றாவது ஆல்பம் போட மாட்டோம் என்று என் கம்பெனி சொல்கிறது. இந்த மாதக் கடைசியில் முடிவு செய்வார்கள். நான் கோபத்தில் எழுதவில்லை. அந்த விமர்சனத்தைப் படித்தவர் யார் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்."

படித்தவன் நான்தான். கோப்பை எடுத்துப் பார்த்தேன். அறுபது, அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து, அறுபது, அறுபத்தொன்று. ஆறில் ஐந்தில் என் கையெழுத்தும் கவிதாவின் கையெழுத்தும் இருந்தன. அந்த விமர்சனம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. படித்துவிட்டு, யாரோ நன்றாகப் பாடியிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டு, மனசார ஃபர்ஸ்ட் கிளாஸ் போட்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு அது ஏன் போதவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் பேராசைக்காரி என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை காக்ஸ் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், எங்கள் தளத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். எழுபதும் அதற்கு மேலும் பச்சை. ஐம்பதிலிருந்து அறுபத்தொன்பது வரை மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு. மஞ்சளுக்குப் பக்கத்தில், 'சுமார், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான்' என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம். நாங்கள் ஏழு மாதமாக ஃபர்ஸ்ட் கிளாஸ் கொடுத்துக் கௌரவித்த அத்தனை பேரும் மஞ்சளாக வரிசையில் நின்றார்கள். முப்பத்தைந்து பாஸ், ஐம்பது செகண்ட் கிளாஸ், அறுபது ஃபர்ஸ்ட் கிளாஸ், எழுபத்தைந்து டிஸ்டிங்ஷன் என்று நமக்கு ரத்தத்தில் ஊறிய கணக்கு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே அறுபது வாங்கினால் வீட்டில் பாயசம் வைக்க மாட்டார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்து, "ஏன் சார், கனெக்ஷன் போச்சா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மிஸ், 417. அந்தம்மா மெயில் போட்டிருக்காங்க. மார்க் கம்மின்னு."

மிஸ் தாள்களை வாங்கி ஆறையும் வரி வரியாகப் படித்தார். அவசரப்பட மாட்டார். "கரெக்டா தானே போட்டிருக்க, தாமோதர். அறுபது. ஃபர்ஸ்ட் கிளாஸ். இதுக்கு மேல என்ன மேன் வேணுமாம்?"

"அவங்க ஊர்ல அறுபதுன்னா ஃபெயிலுக்குப் பக்கம் மிஸ்."

"எந்த ஊர்ல மேன் அறுபது ஃபெயில்?"

"அமெரிக்காவுல மிஸ். நானே போய்ப் பாத்தேன். மஞ்சக் கலர்ல போட்டிருக்கான். நம்ம போட்டது எல்லாமே மஞ்சள்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த முகத்தைக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். "அப்போ நான் எழுபத்திரெண்டு போட்டேனே, ஸ்கூல்ல ஒரே ஒருத்திக்கு, அது?" என்றார்.

"அது பச்சை மிஸ். ஆனா கீழ்ப்பச்சை."

மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வா" என்று எழுந்து ரவிகிரணின் அறைக்கு நடந்தார்.

ரவிகிரண் நல்ல பையன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கதவைச் சாத்தினார். அவருக்குக் கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். "மிஸ், தயவுசெஞ்சு இத யார்கிட்டயும் ஹேளபேடி. சொல்லாதீங்க. ஏழு மாசமும் தப்புன்னு க்ளையண்டுக்குத் தெரிஞ்சா கான்ட்ராக்ட் போச்சு, நாற்பது பேரு வீட்டுக்குப் போகணும். இன்னைலேர்ந்து ஸ்கேல் மாத்திக்கலாம். பழசு பழசாவே இருக்கட்டும்."

"இந்தம்மாவுக்கு?" என்றேன்.

"ஆறாம் நம்பர் அனுப்புங்க சார். சும்னே எதுக்கு டென்ஷன்?"

நாற்பது பேரில் நானும் ஒருவன், கவிதாவும் ஒருத்தி. தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரமே 'தர மேம்பாட்டுப் பயிற்சி' என்று அரை நாள் கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்தார்கள். நல்ல விமர்சனத்துக்கு அறுபது அல்ல, எண்பத்தைந்து என்று மிஸ்ஸே பலகையில் எழுதினார். எழுதும்போது அவர் பட்ட வேதனையை நான் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து உலகத்து இசை இருபது மார்க் முன்னேறியது. இரண்டு மாதத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, இசைக்கு மறுபடியும் பொற்காலம் பிறந்திருக்கிறது, இளைஞர்களிடம் புதிய வேகம் தெரிகிறது என்று எங்கள் எண்களை வைத்தே நீளமாகக் கட்டுரை எழுதியது. அந்த வேகத்தின் டி-ஷர்ட் இன்னும் என் வீட்டில் ஸ்கூட்டர் துடைக்கப் பயன்படுகிறது.

ஆனால் 417 மஞ்சளாகவே இருந்தது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மிஸ் அதை அப்படியே விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அந்த ஒன்றரைப் பக்கக் குறிப்போடு என் மேசைக்கு வந்தார். அவர் இன்னொருவர் மேசைக்கு வருவது அதுவே முதல்முறை. "ரீவேல்யுவேஷன் கிடையாது. சரி. ஆனா இத பாரு. தாமதமா வந்த விமர்சனத்த எப்ப வேணா சேக்கலாம்னு போட்டிருக்கான். சப்ளிமெண்டரி இருக்கு மேன். தேடு."

தேடினோம். நானும் கவிதாவும் சாப்பாட்டு நேரத்தில், டீ நேரத்தில், ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆபீஸ் வேன் நிற்கும் நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த விமர்சனப் பட்டியல்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு தேடினோம். தளம் அங்கீகரித்த பத்திரிகைகளில் மட்டும்தான் எடுக்கலாம். நான்கு நாளில் மூன்று கிடைத்தன. மூன்றுமே அந்தப் பெண்ணைக் கொண்டாடி எழுதியிருந்தன. கவிதா உடனே மூன்றுக்கும் நூறு போடப் போனாள்.

மிஸ் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "பாவம் பாத்துப் போட்டா அது மார்க் இல்ல, பிச்சை. ரெண்டு பேரும் படிங்க, தனித்தனியா போடுங்க. புது ஸ்கேல்ல என்ன வருதோ அதுதான்."

படித்தோம். தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பத்தெட்டு. கூட்டினேன். பழைய ஆறும் முந்நூற்று அறுபத்தாறு, புதிய மூன்றும் இருநூற்று அறுபத்து மூன்று, ஆக அறுநூற்று இருபத்தொன்பது. ஒன்பதால் வகுத்தால் அறுபத்தொன்பது புள்ளி சொச்சம். தளம் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். எழுபதுக்கு ஒரே ஒரு மார்க் குறைவு. கவிதா அழுதேவிட்டாள்.

நான் கூட்டல் தாளை மிஸ்ஸிடம் கொண்டுபோய் வைத்தேன். கிரேஸ் என்ற வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மிஸ் தாளைப் பார்த்தார். மறுபடி கூட்டினார். மறுபடி வகுத்தார். கடைசி விமர்சனத்தை எடுத்து முதலிலிருந்து படித்தார். அப்புறம் சிவப்புப் பேனாவைத் திறந்து, எண்பத்தெட்டை அடித்து எண்பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு வியாழக்கிழமை" என்றார். "கோயில்ல சொல்லிக்கிறேன்."

மறுநாள் 417 பச்சை ஆனது. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் பாக்கி. வெள்ளிக்கிழமை அந்தப் பாடகிக்கு ஆறாம் நம்பர் பதிலையே அனுப்பினேன், உத்தரவு அதுதானே. கீழே டெலெக்ஸ் பழக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் சொந்தமாகச் சேர்த்தேன்: தயவுசெய்து இப்போது பக்கத்தைப் பார்க்கவும்.

திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. அதுவும் டெலெக்ஸ் மாதிரிதான் இருந்தது. "பார்த்தேன். பச்சை நன்றாக இருக்கிறது. கம்பெனி முடிவை முன்னாலேயே எடுத்துவிட்டது, போன செவ்வாய்க்கிழமை. படித்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

மிஸ்ஸிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். முட்டி வலி, தினமும் வேனில் வர முடியவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். பிரிவு உபசார விழாவில் ரவிகிரண் அவரைத் தரத்தின் தூண் என்று பாராட்டிப் பேசினார்.

நான் பதின்மூன்று வருடம் இருந்தேன். டம்மி நம்பர் முறையை மிஸ்ஸுக்குப் பின்னால் எடுத்துவிட்டார்கள், அதனால் பெயர்கள் தெரியும். ஒவ்வொரு ஆல்பப் பட்டியலிலும் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினேன். மூன்றாவது ஆல்பம் என்று ஒன்று வரவே இல்லை.

கவிதாவுக்கு ரைட்-அப் எழுதிக் கொடுத்த அன்று போனில் சும்மா அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது ஆல்பம் இருந்தது. இத்தனை வருடத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போட்டேன். கிடாரும் குரலும் மட்டும்தான். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. படிக்க மட்டும்தானே எனக்குத் தெரியும்.

சமையல்கட்டிலிருந்து என் மனைவி சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"யாருங்க இது? ஃபர்ஸ்ட் கிளாஸா பாடுது" என்றாள்.

நான் போனை அணைத்துவிட்டேன்.